சேலத்துக்காரி

"ஏனுங்க டீச்சர், நம்ம தெருக் கோடியில தட்டுவடை செட் போடற அக்கா இன்னும் கடை போடறாங்களா?"

சேலம் போய்விட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறி வந்த கோகிலவாணி தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. அதற்குள் சுகந்தி கேட்டுவிட்டாள்.

அந்த அக்கா போய்ச் சேர்ந்துவிட்டதையும், இப்போது அவர் மகள் கடை போடுவதையும் கோகிலவாணி சொன்னாள். சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததுபோல் சுகந்தியின் முகம் வாடிவிட்டது.

கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்த கோகிலவாணி, சுகந்தியின் வீட்டை ஒட்டிய அறையில்தான் வாடகைக்கு இருந்தாள். வந்த அன்றே சுகந்தி அவளுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டாள். சேலம், அம்மாப்பேட்டை என்று சொல்லித் தெருப் பெயரையும் சொன்னதும் சுகந்தி நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"காலையில தெரு நீளத்துக்கும் தறிக்குப் பாவு நூல் இழுத்துக் கட்டியிருப்பாங்களே, அந்தத் தெருவுங்களா? நானும் சின்னதுல அங்கதானுங்க இருந்தேன்."

அதன் பிறகு இருவருக்கும் வேறு பேச்சே இல்லை. ஊரில் சுகந்திக்குப் பட்டப்பெயரே சேலத்துக்காரி என்பதை அவள் கணவன் மாதன் சொல்லித்தான் கோகிலவாணி தெரிந்துகொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தெருக்கதையைக் கேட்டுக் கேட்டு, கண்ணைக் கட்டி விட்டாலும் தன்னால் அங்கே போய்வர முடியும் என்று அவன் சிரித்தான்.

கோகிலவாணிக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. சேலத்தில் அந்தப் பழைய தெரு இப்போது இல்லை. தறிகள் நின்றுபோய், ஓட்டு வீடுகள் எல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன. கூட விளையாடியவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். சேலத்துக்குப் போனால் கிடைக்காத தெரு, கொல்லிமலையில் சுகந்தியின் அடுப்படியில் கிடைத்தது.

மழை தூறினால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஓடிவந்து பாவைச் சுருட்டியது சுகந்திக்கு நினைவிருந்தது. ஆடிப் பண்டிகையில் சாமி வேஷம் கட்டி வண்டியில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்குக் கோகிலவாணியின் அண்ணன் ரமேஷ்குமார் கிருஷ்ணர் வேஷம் போட்டதும், கிரீடம் கனம் தாங்காமல் அவன் அழுததும் நினைவிருந்தது. கரண்ட் போனால் தெருவே ஒரே குரலில் கூச்சல் போடும். அதைச் சொல்லும்போது சுகந்தியே மெதுவாக ஒருமுறை அப்படிக் கத்திக்காட்டினாள்.

ஒன்று மட்டும் கோகிலவாணியை உறுத்தியது. இவ்வளவு தெரிந்த சுகந்தியின் முகம் தன் நினைவில் இல்லவே இல்லை. எந்த வீடு என்று கேட்டால், பச்சை கேட் போட்ட மாடி வீடு என்பாள் சுகந்தி. நொண்டியில் யார் ஜெயித்தார்கள், பம்பரத்துக்காக யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்றெல்லாம் சொல்வாள். அதில் 'நான்' என்று அவள் வரவே மாட்டாள்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது கோகிலவாணி தட்டுவடையும் சட்னியும் கட்டிக்கொண்டு வந்து, பீட்ரூட், கேரட் துருவி வைத்து செட் போட்டுக் கொடுத்தாள். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"இத்தனை காரமாவா இருக்கும்?"

கோகிலவாணிக்கு வியப்பாக இருந்தது. இந்தக் காரத்தையா ஒருத்தி மறப்பாள்?

அன்றைக்கே அம்மாவுக்கு போன் செய்து விசாரித்தாள். அந்த மாடி வீட்டில் ஆபீஸ் போகும் புருஷன் பெண்டாட்டியும் அவர்களுடைய கைக்குழந்தையும்தான் இருந்தார்கள், வேறு பெண்பிள்ளையே கிடையாது என்று அம்மா உறுதியாகச் சொன்னார். யாரிடமோ கேட்டதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் சுகந்தி கதை சொன்னாள்? கோகிலவாணிக்குத் தன் பால்யத்தையே யாரோ ஏமாற்றி வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சுகந்தி அடுப்படியில் குச்சிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி எதிரே உட்கார்ந்தாள்.

"சுகந்தி, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மாடி வீட்ல பொம்பளப்பிள்ளையே இல்லைன்னு எங்கம்மா சொல்றாங்க. நீங்க நிஜமா எங்க தெருவுலதான் இருந்தீங்களா?"

சுகந்தியின் கை நின்றது.

"ஐஸ் பாய் ஆடறப்ப நீங்க தறிக்கொட்டாய் ஓட்டு மேல ஏறி, புகைக்கூண்டுக்குப் பின்னால குப்புறப் படுத்துக்குவீங்க. ஒரு நாளும் உங்கள யாரும் கண்டுபுடிச்சதில்லீங்க. அவங்க தேடத் தேட எனக்குச் சிரிப்பா வரும்."

அந்த இடத்தைக் கோகிலவாணி தன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. தெருவில் எங்கே நின்று பார்த்தாலும் அது கண்ணில் படாது.

"அத எங்க இருந்து பார்த்தீங்க?"

"மாடி ஜன்னல்ல இருந்துங்க. அந்தக் கைக்குழந்தையப் பாத்துக்கறதுக்குத்தானுங்க எட்டு வயசுல என்னைய இங்கிருந்து கூட்டிட்டுப் போனாங்க. ஆபீசுக்குக் கிளம்பறப்ப வெளியில பூட்டிட்டுப் போயிருவாங்க." சுகந்தி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம தெரு, நம்ம தெருன்னு உங்ககிட்ட வாய் நெறையச் சொல்லிட்டேன் டீச்சர். அந்தத் தெருவுல நான் ஒரு நாளும் எறங்குனதே இல்லீங்க."