கைராசி

"நீ ஊட்டி ஊட்டித்தான் கொழந்தை இப்படி ஊதிப் போயிட்டா!" டாக்டர் முன்னாலேயே மனைவி ஸாதனாவைச் சாடினார் விஸ்வநாத். ஆறு வயது அதிதி நாற்காலியில் பிதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொன்னபடி அரை வயறுதான் போடறேன், கேட்டேளா. பசிக்கறதும்மான்னு அழறா" என்றாள் ஸாதனா.

டாக்டரம்மா குறுக்கிட்டார். "கைக்குழந்தையா இருந்தப்போ ஆன்டிபயாடிக் நிறைய கொடுத்தீங்களா?"

"சளி பிடிச்சாலே கொடுப்போம்" என்றாள் ஸாதனா.

"குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவை அது அழிச்சிடும். உடம்பு பெருக்க அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?"

ஸாதனா கணவன் முகத்தைப் பார்த்தாள். விஸ்வநாத் அதிதியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஆட்டோவில் அதிதி கேட்டாள்: "அப்பா, இன்னிக்காவது வயறு நெறைய சாப்பிடட்டுமா?"

விஸ்வநாத் இருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கொச்சி மட்டாஞ்சேரியில் இறங்கி, தன் மருந்துக் கடையின் ஷட்டரைத் தூக்கினார். கைக்குழந்தையோடு ஒருத்தி காத்திருந்தாள்.

"அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல். போன மாசம் கொடுத்தீங்களே, அதே மருந்து கொடுங்க. உங்க கைராசிக்குத்தான் தோப்பும்படியிலேருந்து வர்றேன்."

விஸ்வநாத் யோசிப்பதற்குள், கை அந்த ஆன்டிபயாடிக் பாட்டிலை எடுத்துவிட்டிருந்தது.