பச்சை முகம்

மூன்றாவது பிரிண்டிலும் ஸ்டுடியோ முதலாளியின் மகள் பச்சைப் பசேலென்றுதான் வந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போட்டோ வாங்க ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க. ஊருக்கே படம் பிடிக்கிறவன் சொந்தப் பொண்ணைத் தவளையாட்டம் காட்டினா சிரிக்க மாட்டாங்களா?" என்று புலம்பினார் முதலாளி.

பிரிண்டர் மெக்கானிக் கம்ப்யூட்டரை நோண்டிவிட்டு நிமிர்ந்தார். "இங்க், பேப்பர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். டிரைவர்தான் தப்பு. உங்களுக்கு ஒத்துவராது."

"நான்தான் யோசிக்காம உள்ளே விட்டுட்டேன். என் பொண்ணு வாழ்க்கையே கெட்டுடும்போல இருக்கு. முதல்ல தூக்குங்க! சுவடே இருக்கக் கூடாது!"

வாசலில் முதலாளியின் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் இளைஞன் ஈரத் துணியோடு ஓடிவந்து முதலாளியின் காலில் விழுந்தான்.

"ஐயா, ஒண்ணும் செஞ்சிடாதீங்க! பாப்பாவை நல்லா வெச்சுக்குவேன். போன வாரமே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் முடிச்சிட்டோம்!"

முதலாளி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

மெக்கானிக் மெல்லத் தொண்டையைச் செருமினார். "தம்பி, நாங்க பேசினது கம்ப்யூட்டர்ல பிரிண்டரை இயக்குற சாஃப்ட்வேர் டிரைவரைப் பத்தி. வேற பிரிண்டரோடதை ஏத்தி வெச்சிருக்காங்க."

பிறகு நான்கு பட்டனைத் தட்டினார். மகள் பிரிண்டரிலிருந்து பளிச்சென்று வெளியே வந்தாள்.

"சரியான டிரைவரைப் போட்டாச்சு சார். எத்தனை காப்பி வேணும்?"

முதலாளி படத்தைப் பார்த்தார். காலடியில் கிடந்தவனைப் பார்த்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"எழுந்திருங்க மாப்பிள்ளை. போய் அவளையும் கூட்டிட்டு வாங்க. ஜோடியா ஒண்ணு எடுத்துடலாம்."