ஈரச் சாக்கு

"ராத்திரில இது எங்க படுக்கும்?"

ஒயர்க்கூடையில் இருந்த நாய்க்குட்டியைக் காட்டி விருத்தாசலம் கேட்டதும், அமலா மூலையில் மடித்துப் போட்டிருந்த போர்வையைக் காட்டினாள். அவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். ஈரம் இல்லை, நாற்றம் இல்லை. தட்டில் இருந்த பால் சோற்றில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். புளிக்கவும் இல்லை. அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

விழுப்புரத்துக்கு வெளியே, திண்டிவனம் போகிற சாலையோரத்தில் இருந்தது அந்த இடம். வெளியூர் போகிறவர்கள் நாயை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்வரை அமலா பார்த்துக்கொள்வாள். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகலாம் என்று முடிவானதும், மகன் திருமுருகன் செல்போனில் தேடிக் கண்டுபிடித்த இடம்.

செல்போன் சொன்னால் நம்பிவிடுவதா? போன வருஷம் மேல்மலையனூர் போனபோது, பக்கத்து வீட்டை நம்பித்தான் அப்போது வளர்த்த குட்டியை விட்டார்கள். அவர்கள் திறந்து போட்ட கேட் வழியாக ஓடி, லாரியில் அடிபட்டுச் செத்தது. பேத்தி கலைப்பிரியா நாலு நாள் சோறு தொடவில்லை. இன்னொரு முறை அப்படி ஆனால் அந்தப் பிள்ளை தாங்காது.

விருத்தாசலம் நாற்பது வருஷமாக மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறவர். விதை மூட்டை மேல் என்ன முத்திரை குத்தியிருந்தாலும் சரி, பத்து விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளை விடுகிறதா என்று பார்க்காமல் நிலத்தில் போட்டதே இல்லை.

"குட்டி பேரு?" என்று நோட்டைத் திறந்தாள் அமலா.

"மணி."

செல் நம்பர் கேட்டாள். நம்பரைக் கொடுத்தால் பேங்கில் இருப்பதைச் சுருட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னார். காசு இப்போது வேண்டாம், கூட்டிக்கொண்டு போகும்போது கொடுத்தால் போதும் என்றாள். அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை. மூன்று நாளில் வருவதாகச் சொல்லி, குட்டியை ஒயர்க்கூடையிலிருந்து இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள், எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த நாளும் வந்தார். கம்பி வேலி வழியாக எல்லாம் தெரிந்தது. அமலா குட்டியின் காதைத் திருப்பி, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சோற்றைப் பிசைந்து விரலால் ஊட்டினாள். குட்டி கக்கியது. முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊட்டினாள். வெயில் நகர நகர, அதன் போர்வையையும் நிழலுக்கு நகர்த்திப் போட்டாள்.

"பெத்தவகூட இப்படிப் பாக்கமாட்டா" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னார் விருத்தாசலம். சொல்லிவிட்டு, வாய்விட்டுப் புகழ்ந்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டார்.

ஒன்றுதான் உறுத்தியது. அவள் குட்டியை மணி என்று கூப்பிடவில்லை. "கேப்பை, இங்க வாடா" என்றாள். கேப்பை நிறத்துக் குட்டியும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. பேரை மாற்றி வேறு யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறாளோ?

மூன்றாம் நாள் காலையில் உள்ளே போனார். அவரைப் பார்த்ததும் அமலா அப்படியே நின்றுவிட்டாள். வசமாக மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தார். குட்டியைத் தூக்கிப் பார்த்தார். காது சுத்தமாக இருந்தது. கனம் கூடியிருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் சொல்வதற்குக் குறை கிடைக்கவில்லை.

"முளைச்சிடுச்சி" என்றார்.

"என்னங்க ஐயா?"

"நல்லா பாத்துக்கினம்மா. வெள்ளிக்கிழமை எங்க பேத்தியோட குட்டியக் கொண்டாறேன்."

"அப்ப இது?"

"இதுவா? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி திரிஞ்சிக்கினு இருந்துது. நீ எப்பிடிப் பாத்துக்கிறேன்னு பாக்கத்தான் புடிச்சாந்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அமலா குட்டியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தெருக்குட்டின்னு அன்னிக்கே தெரியுங்க. மணின்னு கூப்பிட்டா திரும்பியே பாக்கல. நீங்க குடுத்த நம்பருக்கு போன் போட்டேன், செஞ்சில யாரோ எடுத்தாங்க. இப்படித் தள்ளிட்டுப் போறவங்க எத்தினியோ பேரு. நீங்களும் வரமாட்டீங்கன்னு நெனச்சித்தான் நானே பேரு வெச்சி வளத்துக்கினு இருந்தேன். இப்ப வந்து திருப்பிக் கேட்டுடுவீங்களோன்னுதான் உங்களப் பாத்ததும் திக்குனு நின்னுட்டேன்."