துறவியின் குடுவை

மல்வேர்னில் மாலை அறிவியல் வகுப்பு முடியும் நேரம், ஐந்தரை மணி; செய்து காட்டுவதில் என் முறை கடைசி. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி, நீர் நிறைத்த கண்ணாடிக் குடுவையை வெயிலில் பிடித்து வானவில்லை ஆராய்ந்தார். அதையே ஊறுகாய்ப் போத்தலில் காட்ட நிற்கிறேன். போன வாரம் இதே நேரத்தில் மேசையில் விழுந்த வெயிலை இரண்டு தரம் அளந்து குறித்திருந்தேன். குளிர்காலத்துக்காக ஞாயிறன்று ஊர் மணிக்கூடெல்லாம் ஒரு மணிநேரம் பின்னே போனதை மட்டும் மறந்துவிட்டேன். யன்னலில் இருட்டு நிற்கிறது. மற்றவர்கள் கோட் மாட்டுகிறார்கள். "சூரியனுக்கும் அப்பொயின்ட்மென்ட் மாத்திட்டாங்களோ?" என்று சிரித்தபடி, பக்கத்து மேசைச் சிவானி தன் போனால் போத்தல்மேல் டோர்ச் அடிக்கிறாள். குனிந்து பார்க்கிறேன். போத்தலின் விளிம்பில் மெல்லிய சிவப்பு, அதையொட்டிப் பச்சை. "வந்திட்டுது!" என்கிறேன். "எங்க? எனக்கு ஒண்டும் தெரியேல்லை." நான் நிற்கும் இடத்திலிருந்துதான் அது தெரியும். விலகி அவளுக்கு இடம் விடுகிறேன். அவள் குனியுமுன் யன்னலுக்கு வெளியே அவளுடைய பஸ் வருகிறது, டோர்ச் அணைகிறது.