நான்கு பேருக்கான காற்று

"அஞ்சு பேர்னு எழுதிக்கோங்க," என்றான் கெப்ஹார்ட்.

"நாலு," என்றாள் அவன் மனைவி வெரேனா.

லோதாரின் பென்சில் தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. புது வீடுகளுக்குச் சூடும் காற்றும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுப்பது இருபத்தைந்து வருடமாக அவர் தொழில். ஜன்னலுக்காகச் சண்டை போட்ட தம்பதிகளைப் பார்த்திருக்கிறார். வீட்டில் எத்தனை பேர் என்பதற்கே சண்டை போடுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார்.

"இதுல தப்பு வரக் கூடாதுங்க," என்றார். "சுவரையும் கூரையையும் காத்துப் புகாம அடைச்சுடுவோம். வெளியே போற காத்தோட சூட்டை உள்ளே வர்ற காத்துக்கு ஏத்திடறதால சின்ன வெப்பக் கருவியே போதும். ஆனா ஆளுக்கு இவ்வளவு காத்துன்னு பார்த்துத்தான் குழாய் போடணும். அதிகமானா குளிர்காலத்துல தொண்டை வறண்டுபோகும். குறைஞ்சா தலைவலியோட எழுந்திருப்பீங்க."

"நான், இவ, பசங்க லீனுஸ், மாரா, என் அம்மா," என்று கெப்ஹார்ட் விரல்களை மடக்கினான். "இது எப்படி நாலாகும்?"

"எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"பாருங்க சார், என் அம்மா விடற மூச்சுக்குக்கூட இவகிட்ட இடமில்லை."

வெரேனாவின் முகம் சிவந்தது. "மூச்சைப் பத்தி நீ பேசாதே."

இருவரும் லோதாரின் அலுவலகத்துக்குத் தனித்தனியாகத்தான் வந்திருந்தார்கள். அவன் வாரத்தில் நாலு நாள் வேலை பார்க்கும் இன்ஸ்ப்ருக் நகரத்திலிருந்து நேராகக் காரில் வந்திருந்தான். அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் முத்தமிட அவன் குனிந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை லோதார் கவனித்திருந்தார்.

"சரி, அறை அறையா போவோம்," என்று வரைபடத்தைத் திருப்பி வைத்தார். "மாடியில பெரிய படுக்கையறை. ரெண்டு பேர்."

"ஒருத்தர்," என்றாள் வெரேனா.

கெப்ஹார்ட் சிரித்தான். "குத்திக் காட்டறா. நாலு நாள் நான் வீட்டுல இல்லையாம். வேலைக்குப் போறவன் வேற எங்கடி தூங்குவான், ரயில்வே ஸ்டேஷன்லயா?"

"அதை நீயே சொல்லு."

லோதார் அவசரமாக அடுத்த அறைக்குப் போனார். "பசங்களுக்கு ஆளுக்கு ஒரு அறை. அதுல சிக்கல் இல்லையே?"

"இல்லை," என்றார்கள் இருவரும். அன்று காலை அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

"கீழே தெற்குப் பார்த்த அறை?"

"அம்மாவுக்கு," என்றான் கெப்ஹார்ட்.

"அதைக் கடைசியா பேசலாம்," என்றாள் வெரேனா.

"ஏன் கடைசியா? நிலம் உன் மாமா எழுதிவெச்சதுங்கறதுக்காக எல்லாம் உன் இஷ்டமா? பன்னிரண்டு வருஷமா உன் பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டவங்க அவங்க. வயசு எழுபத்தெட்டு. முட்டி வலியில படி ஏற முடியலை. அவங்களை எங்க கொண்டுபோய் விடச் சொல்றே?"

வெரேனா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

லோதாருக்கும் கோபம் வந்துவிட்டது. அவருடைய அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வாய் பேசாமல் வீடு திரும்புகிறவர் அவர்.

"நான் தலையிடக் கூடாது," என்றார். "ஆனாலும் சொல்றேன். ஒரு வயசான அம்மாவுக்கு வேண்டிய காத்து மணிக்கு முப்பது கன மீட்டர். அவ்வளவுதான். அதை மிச்சம் பிடிச்சு நீங்க என்ன சாதிக்கப் போறீங்க?"

"நல்லாக் கேளுங்க," என்றான் கெப்ஹார்ட்.

"உங்க வேலை காத்து," என்றாள் வெரேனா. "அதை மட்டும் பாருங்க."

"பார்த்தீங்களா? எல்லார்கிட்டயும் இதே திமிர்தான்." கெப்ஹார்ட் எழுந்த வேகத்தில் காபி வரைபடத்தில் சிந்தியது. கோட்டை எடுத்துக்கொண்டான். "அஞ்சு பேர். அந்தக் கணக்குக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

"நில உரிமையாளர் கையெழுத்து போதும்," என்றாள் வெரேனா. "வீடு கட்டற விண்ணப்பத்துல என் பேர் மட்டும்தான் இருக்கு. நாலுன்னு போடுங்க சார்."

லோதார் காபியைத் துடைத்தார். பிடிக்காவிட்டாலும் சட்டப்படி அவள் சொன்னது சரி. உதட்டைக் கடித்துக்கொண்டு எண்களைக் கூட்டினார். பிறகு நிமிர்ந்து, மறுபடி கூட்டினார்.

"ஒரு நிமிஷம். மாடியில ஒருத்தர், பசங்க ரெண்டு பேர். மூணுதானே ஆகுது? நாலாவது ஆள் யாரு?"

"கீழ் அறையில ஹெட்விக். இவனோட அம்மா," என்றாள் வெரேனா. "அங்க மட்டும் இருபத்துமூணு டிகிரி வெச்சுடுங்க, அவங்களுக்குக் குளிர் தாங்காது."

கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியிருந்த கெப்ஹார்ட் அப்படியே நின்றான்.

"இன்ஸ்ப்ருக்ல இவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு நேத்து அழுதுக்கிட்டே வந்து எங்கிட்டச் சொன்னதே அவங்கதான்."