ஒரு நாள் தள்ளிப் போகட்டும்

மோனிஷாவின் உள்ளங்கைகளில் மருதாணி இன்னும் காயவில்லை. இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, ஐயம்பேட்டை மெக்கானிக் ஷெட்டின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் கட்டப்போகிற அரக்குப் பட்டு, கடைப் பையோடு பக்கத்து நாற்காலியில் இருந்தது.

அவள் அம்மா அஞ்சனா உட்காரவில்லை. பின்பக்கம் தூக்கி நிறுத்தியிருந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வேலை இன்றைக்கு முடியக்கூடாது என்று அவள் மனம் விடாமல் வேண்டிக்கொண்டிருந்தது.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி. வரப்பில் அடி தட்டாமல் போகட்டும் என்று அவள் கணவர் ஜினதாஸ் ஏற்கெனவே அதை உயரமாக்கி வைத்திருந்தார். நேற்று அரிசி மூட்டை, அண்டா, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தபோது பின்பக்கம் தொய்ந்து உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் இப்போது பின் ஸ்பிரிங்குகளுக்குள் காற்றுப் பைகள். காற்றடித்தால் சுமையோடு வண்டி நிமிர்ந்துகொள்ளும்.

மெக்கானிக் சிட்டிபாபு முதல் பையைச் சுருட்டி ஸ்பிரிங்கின் இடுக்கில் விட்டு உள்ளே தள்ளினான். அதன் டியூபை சைலென்சர் சூடு படாமல் ஓரமாக இழுத்துக் கட்டினான். ஒரு பக்கம் முடிந்துவிட்டது. 

"இன்னா பாப்பா, மருதாணி நல்லா செவந்துச்சுன்னா மாப்பிள்ளைக்கு ஆசை ஜாஸ்தின்னு சொல்லுவாங்க" என்றான் சிட்டிபாபு.

"மொதல்ல காயட்டும்ணா, பாக்கலாம்" என்று மோனிஷா சிரித்தாள்.

"பேசிக்கினே இருக்காதப்பா. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்" என்றார் ஜினதாஸ். "அப்புறம் ஒண்ணு கேக்கணும். ஆளு நடக்கிற வேகத்துல நாள் முழுக்க ஓட்டுனா வண்டி தாங்குமா?"

"லோ கியர் போட்டுக்கினா ஊர்ந்துக்கினே போவும் சார். ஊர்வலமா? பொண்ண ஊரே பாக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க!"

ஜினதாஸ் சிரித்துவைத்தார். போன் அடிக்கவே ரோட்டுப் பக்கம் நகர்ந்தார்.

சிட்டிபாபு அஞ்சனாவின் பக்கம் திரும்பினான். "மாப்பிள்ளை எந்த ஊரும்மா?"

நடக்கப்போவதை அஞ்சனா இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில், "தாயாருக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டபோது தலையை ஆட்டினாள். அன்றைக்கு ஆடியது தலை மட்டும்தான்.

நாளைக்குப் பிறகு மோனிஷா அவள் வீட்டுப் பெண் இல்லை. இடுப்பைத் தாண்டித் தொங்கும் அந்த முடியைப் பின்னிவிட வேண்டும் என்று கை பரபரத்தால், அப்போது எங்கே போவது?

வண்டி இல்லாமல், அவளை அழைத்துப் போகும் கூட்டம் கிளம்பாது. ஒரே ஒரு நாள் தள்ளிப் போனால் போதும். ராத்திரி மோனிஷாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாம்.

அஞ்சனா குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, இன்னைக்கு முடியாதுன்னு அவர்கிட்ட சொல்லிடேன்."

சிட்டிபாபு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "ஏம்மா, பாப்பாவுக்கு இஷ்டம் இல்லியா?"

"அவளுக்கு இஷ்டம்தான். எனக்குத்தான் மனசு வரலை."

"ஓ, லவ்வா?"

அஞ்சனாவின் கண்கள் நிறைவதைப் பார்த்து அவன் முகம் மாறியது.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதும்மா" என்று முணுமுணுத்தான். தரையில் கிடந்த கறுப்பு வட்டத் துண்டு ஒன்றை எடுத்து அழுக்குத் துணிக்குள் சுருட்டிவிட்டான்.

ஜினதாஸ் திரும்பி வந்ததும் சிட்டிபாபு தலையைச் சொறிந்தான். "தப்பு நடந்துபோச்சு சார். உயரம் ஏத்துன வண்டி, ஸ்பிரிங்கும் நீளம். பைக்கு அடியில ஸ்பேசர்னு ஒரு வட்டத் துண்டு வெச்சாத்தான் நிக்கும். பெட்டியில ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு மெட்ராஸ்லேர்ந்து வரணும்."

"ஒரு பக்கம் மட்டும் போட்டு ஓட்டுனா?"

"சாஞ்சிக்கும் சார். அவ்ளோ லோடு, ரிஸ்க்கு."

ஜினதாஸின் முகம் வெளுத்தது. "நாளைக்குக் கிளம்பணும்பா! எல்லாருக்கும் சொல்லியாச்சு. அத்தினி பேருக்கு அரிசி, தண்ணி எல்லாம் எதுல போகும்?" பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று மகளைப் பார்த்தார். "மோனி, ஒரு நாள் தள்ளி வெச்சுக்கலாமாம்மா?"

அந்தக் கேள்வியில் ஒளிந்திருந்த ஆசை அஞ்சனாவுக்கு மட்டும் கேட்டது. இவருக்குமா? இத்தனை நாளும் ஒரே கட்டிலில் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்களா? மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை நுனி விரலைச் சுற்றி இறுகியது.

மோனிஷா எழுந்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்த அமைதிதான் இருந்தது. அதைத் தாங்க முடியாமல் அஞ்சனா கண்களைத் தாழ்த்தினாள்.

பிறகு மோனிஷா அப்பாவின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"வண்டி அப்புறமா வந்து சேரட்டும்பா. நாளைக்குப் பட்டையும் முடியையும் களைஞ்சு, தீட்சை வாங்கிச் சமணத் துறவி ஆனப்புறம் நான் நடந்துதானே போகணும்."