சாரதா கேட்ட மூன்று நாள்

படாளம் கூட்டுரோட்டில் மெட்ராஸ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாரதாம்பாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. திருவேங்கடத்துக்குக் கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

"வுடு சாரதா. அடுத்த ஸ்டாப்பு நம்ம கருங்குழிதான். நான் மட்டும் இதே பஸ்ஸுல போயி நம்ம மில்ல ஒரு பார்வ பாத்துட்டு, அப்படியே வூட்டுக்கும் தல காட்டிட்டு வந்துடறேன்."

"வாணாம். மில்லுக்குள்ள காலு வச்சீங்கன்னா அப்பறம் நீங்க வர மாட்டீங்க. மூணு நாளு எனக்குன்னு சொன்னீங்க இல்ல?"

"அதுக்கில்ல..."

"மூணு நாளு" என்றாள். கையை விடவில்லை.

திருவேங்கடம் சிரித்துவிட்டார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கருங்குழிப் பக்கம் போயிற்று. இவர்கள் வேடந்தாங்கல் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றார்கள்.

ஆவணி மாதத்திலிருந்து ஐப்பசி முடியும் வரை அவள் அவரிடம் சரியாகப் பேசியதே இல்லை. மகள் வசுமதியைத் தன் அக்கா மகன் ஜம்புலிங்கத்துக்குக் கொடுப்பதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தார். ஜம்புலிங்கம் முதல் பெண்டாட்டியை அடித்துத் துரத்தியவன். அப்படியிருந்தும், ஒரு நாள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அக்கா வீட்டுக்குப் போய்த் தாம்பூலம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். தை மாதம் கல்யாணம். சாரதாவுக்கு விஷயம் தெரிந்தது குழாயடியில், அடுத்த தெருக்காரி சொல்லி.

"என்ன இப்டி மோசம் பண்ணிட்டீங்களே" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதன்பிறகு சாப்பிடக் கூப்பிடுவதற்கு மட்டுமே வாயைத் திறந்தாள். மில்லில் கரண்ட் வேலை பார்க்க வந்த லைன்மேன் தனக்கோடியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அழுத வசுமதி, அப்பாவிடம் அறை வாங்கிய பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டாள்.

அப்படியிருந்த சாரதா, கார்த்திகை பிறந்ததும் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொத நாளு மெட்ராஸு. மறுநாளு வேடந்தாங்கலு. அதுக்கு மறுநாளு மகாபலிபுரம். நீங்களும் நானும் மட்டும். வசுமதிக்குத் தொணையா பக்கத்து வூட்டு கன்னியம்மா வந்து படுத்துக்கும்." எங்கே தங்குவது, எந்த ஊரில் பஸ் மாறுவது, எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

ஒருவழியாகக் கோபம் ஆறிவிட்டது என்று திருவேங்கடம் உடனே சரி சொல்லிவிட்டார்.

மெட்ராஸில் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மிருகக்காட்சி சாலையில் புலி முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. ஆனாலும் அவள் வாங்கித் தந்த ஐஸ்கிரீமைப் பார்க்குப் பெஞ்சில் உட்கார்ந்து சப்பியபோது, தனக்கு வயது ஐம்பது என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அவர் வாய் மூடவில்லை. மரம் தெரியாமல் நாரைகளும் கூழைக்கடாக்களும் அடைந்து கிடந்தன. "இத்தினி கிட்ட இருந்துகினு ஒரு தபா கூட வந்து பாக்கலியே!" என்று அவர் சொல்லும்போதே ஒரு நாரை அவருடைய வெள்ளைச் சட்டையில் எச்சமிட்டது. சாரதா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முந்தானையை ஏரித் தண்ணீரில் நனைத்து அவளே துடைத்துவிட்டாள்.

அன்றிரவு திருக்கழுக்குன்றத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். காலையில் கோயிலில் அவள் கண்ணை மூடி நின்றவள் நின்றபடியே இருந்தாள். "அப்டி இன்னாத்த வேண்டிகின?" என்று கேட்டார். "நல்லது நடக்கணும்னுதான்" என்றாள்.

மகாபலிபுரத்தில் வெயில் தாழ்ந்த நேரம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில், வேட்டி அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் திருவேங்கடம் மணலில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலை வந்து இருவர் காலையும் நனைத்துப் போயிற்று.

"நான் உனுக்குப் பண்ணது மோசந்தான் சாரதா. உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இன்னா பண்றது, அக்காவுக்கு வாக்கு குடுத்துட்டேன். இனிமே மாத்த முடியாது. அத்தயும் மனசுல வச்சிக்காம, என்ன இப்டி ஊரு ஊரா கூட்டிகினு சுத்துற பாரு. உன் மனசு யாருக்கு வரும்?"

சாரதாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவர் நினைத்தார். உற்சாகமாகி, ஈர மணலில் விரலால் கோடு போட்டார்.

"அடுத்த தபா என் பிளானு. இங்க பாரு, இது மைசூரு. அரமன பாக்கறோம். இது பந்திப்பூரு காடு. யான கூட்டம் கூட்டமா வருமாம். அப்பறம் நேரா கன்னியாகுமரி. மூணு பக்கமும் கடலு!"

"அப்பவும் என்னக் கூட்டிகினு போவீங்களா?"

"இன்னா கேள்வி இது? உன்ன வுட்டா வேற யாரு எனுக்கு?" அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "வசுமதி கல்யாணம் முடியட்டும். மறுநாளே கெளம்பிடலாம்."

சாரதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சிங்க. இன்னிக்குக் காலையில, அச்சிறுபாக்கம் கோயில்ல, தனக்கோடியோட."